இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானப் படைப்பிரிவுகளின் பெயர்களை எப்படிப் படிப்பது?

“யாக்ட்கெஷ்வாடர் 27” என்னும் பெயருக்கு முன்னால் ஓரிடத்தில் 3 என்றும், இன்னோரிடத்தில் ரோமன் எழுத்தில் ஒன்று என்றும் இருக்கிறதே, இரண்டும் ஒரே பிரிவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றல்ல, ஆனால் முன்னது பின்னதற்குள் அடங்கியது.

யாக்ட் என்றால் வேட்டை. ஆகவே இது சண்டை விமானங்களின் கெஷ்வாடர், அதாவது பல சிறு பிரிவுகளைக் கொண்ட பெரிய படைப்பிரிவு. குண்டுவீச்சுக்குரியது காம்ப்ஃப்கெஷ்வாடர். ஒரு கெஷ்வாடரில் பெரும்பாலும் மூன்று குருப்பேக்கள், ஒவ்வொரு குருப்பேயிலும் மூன்று ஷ்டாஃபெல்கள். போரின் தொடக்க ஆண்டுகளில் ஒரு ஷ்டாஃபெலுக்கு விதிப்படி 12 விமானங்கள். களத்தில் அவ்வளவு பறந்த நாள்கள் குறைவு. குருப்பேக்கு ரோமன் எண்ணும் ஷ்டாஃபெலுக்கு நாம் வழங்கும் சாதாரண எண்ணும் இட்டார்கள். எண்ணுக்குப் பின் வரும் புள்ளி அச்சுப்பிழையன்று. ஜெர்மானியர்களுக்கு அதுவே நம் “ஆம்” விகுதி. ஷ்டாஃபெல் எண்கள் கெஷ்வாடர் முழுவதற்கும் தொடர்ச்சியாக ஓடுவதால், 1 முதல் 3 வரை முதல் குருப்பே, 4 முதல் 6 வரை இரண்டாவது என்று பெயரைப் பார்த்தே கணக்கிட்டுவிடலாம். 1944இல் பல சண்டை விமானக் குருப்பேக்களில் நான்காவது ஷ்டாஃபெலைச் சேர்த்து எண்களை மாற்றியதால், அதற்குப் பிந்திய ஆவணங்களில் இந்தக் கணக்கு உதவாது.

விமானத்தின் எண்ணுக்குப் பூசிய நிறமும் இதே வரிசையைத்தான் சொல்கிறது: குருப்பேயின் முதல் ஷ்டாஃபெலுக்கு வெள்ளை, அடுத்ததற்குச் சிவப்பு அல்லது கறுப்பு, மூன்றாவதற்கு மஞ்சள். வட ஆப்பிரிக்காவில் பறந்த ஹான்ஸ்-யோவாகிம் மார்செய்யின் விமானம் “மஞ்சள் 14” ஆனது அவர் 27ஆம் கெஷ்வாடரின் 3ஆம் ஷ்டாஃபெலைச் சேர்ந்தவர் என்பதால்தான். இரண்டாம் குருப்பே விமானங்களில் பொதுவாக உடற்பகுதியில் உள்ள சிலுவைச் சின்னத்துக்குப் பின்னால் ஒரு கிடைக்கோடும் இருக்கும். இதை அறியாமல் நான் ஒட்டிய மாதிரி விமானம் ஒன்று, மஞ்சள் 14உம் கிடைக்கோடுமாக, மார்செய்யின் ஷ்டாஃபெலைச் சேராமல் 6ஆம் ஷ்டாஃபெலின் விமானமாக அலமாரியில் நிற்கிறது.

உண்மையான தலைவலி மொழிபெயர்ப்பில்தான். அகராதி கெஷ்வாடருக்கு ஸ்குவாட்ரன் என்றே பொருள் தரும்; அது கடற்படை வழக்கு. விமானப்படையில் ஸ்குவாட்ரனுக்கு நெருங்கியது ஷ்டாஃபெல். குருப்பேயைப் பிரிட்டிஷ் “குரூப்” என்று எழுதுவதும் தவறு. அளவில் அது அவர்களுடைய “விங்” என்பதையே ஒத்தது. அதேபோல் கொமோடோர் என்பது கெஷ்வாடரை நடத்துபவரின் பொறுப்பைக் குறிக்குமே தவிர, பதவித் தரத்தை அன்று: 1940 ஆகஸ்டில் அடால்ஃப் காலண்ட் 26ஆம் யாக்ட்கெஷ்வாடருக்குக் கொமோடோர் ஆனபோது அவர் தரம் மேஜர்தான்.