ஆச்சியின் கைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஆச்சி’ மனோரமா நடித்த படங்களை எக்செல்லில் தொகுத்து வருகிறேன். இரண்டு வருட உழைப்பு. 612-இல் வந்து நின்றுவிட்டது. 1985-லேயே ஆயிரத்தைத் தாண்டியவர் என்று கின்னஸில் ஏறியவருக்கு மீதிப் படங்கள் எங்கே போயின? அந்த எண்ணே மிகையா? அடுத்து, இவ்வளவு திறமை இருந்தும் துணை நடிகையாகவே காலத்தைக் கழித்துவிட்டாரே, கதாநாயகியாக முயன்றிருக்கக் கூடாதா? கடைசியாக ஒன்று. வீட்டில் தினமும் ஓடும் சீரியல்களில் வரும் அம்மாக்களும் நீண்ட அனுபவம் உள்ளவர்கள்தான். ஆனால் ஒருவரும் மனதில் நிற்பதில்லை. ஏன்?

கே. ஆர்.


அன்புள்ள கே. ஆர்.,

முதலில் திட்டிவிடுகிறேன். கோடம்பாக்கத்தில் ‘துணை நடிகை’ என்றால் கல்யாணக் கூட்டத்திலும் சந்தைக் கூட்டத்திலும் நிற்பவர். ஏஜென்ட் மூலம் வருவார், நாள் சம்பளம், வசனம் இருக்காது. அந்த வேலையிலும் இழிவு எதுவும் இல்லை. ஆனால் மனோரமா செய்தது அதுவல்ல, குணச்சித்திர வேடம். ‘புதிய பாதை’க்காக அவர் வாங்கிய தேசிய விருதையே ‘சிறந்த துணை நடிகை’ என்றுதான் நாம் மொழிபெயர்க்கிறோம் என்பதால் உங்களை அரைத் திட்டோடு விடுகிறேன். கதாநாயகிக் கேள்விக்கு ஒரு வரி போதும்: 1963-இல் ‘கொஞ்சும் குமரி’யில் அவர்தான் நாயகி. நீங்கள் ஆசைப்பட்டது நீங்கள் கேட்பதற்கு அறுபது வருடம் முன்பே நடந்துவிட்டது.

இனி பட்டியல். நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்ததும் கண்ணில் பட்டது ‘சீதா அவுர் கீதா’. அதில் சித்தியாக வரும் மனோரமா வேறொருவர், இந்தி நடிகை. பெயர் ஒன்று என்பதால் இணையத் தளங்கள் இருவரையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி வைத்திருக்கின்றன. நீங்கள் அதை அப்படியே அள்ளியிருக்கிறீர்கள். இந்தி நகைச்சுவை நடிகர் மெஹ்மூதோடு வரும் ‘குன்வாரா பாப்’ (1974) மட்டும் நம் ஆச்சிதான், அதை எடுத்துவிடாதீர்கள். இந்தி வரிகளை எல்லாம் ஒருமுறை சலித்துப் பாருங்கள். ஒரே படம் மொழிமாற்றமாகி வேறு பெயரில் வந்ததை இரண்டாக எண்ணியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அதே சமயம், இரண்டு மொழியிலும் தனித்தனியாகப் படம்பிடித்தது இரண்டு படம்தான். ஐம்பதுகள், அறுபதுகளுக்கு நாளிதழ் விளம்பரத்தை நம்பினால் பாதிப் பெயர்தான் கிடைக்கும், நாயகன் நாயகிக்கு மேல் அதில் இடம் கிடையாது. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் நடிகர் பட்டியல் நீளமாக இருக்கும். தமிழ் சினிமாத் தகவல்களைத் திரட்டிய பிலிம் நியூஸ் ஆனந்தன் ஆண்டுவாரியாகத் தொகுத்துவைத்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள். எண் ஏறும்.

ஆனால் ஆயிரத்தைத் தொடுமா? ‘மாலையிட்ட மங்கை’ 1958. அங்கிருந்து 1985 வரை 27 வருடம். வகுத்தால் வருடத்துக்கு 37 படம், மாதத்துக்கு மூன்று. படத்துக்கு ஐந்தே நாள் கால்ஷீட் என்று வைத்தாலும் வருடத்தில் 185 நாள் முகத்தில் அரிதாரம். நாள் கணக்கில் இது முடியாத காரியம் இல்லை. ஆனால் பிரதி அழிந்த படங்களை யார் போய் எண்ணுவது? அந்த ஆயிரத்தை இன்று சரிபார்க்கவும் முடியாது, பொய்யென்று நிரூபிக்கவும் முடியாது. மலையாள நடிகை சுகுமாரிக்கு 2500 என்கிறார்கள். அங்கும் இதே கதைதான். அதை விடுங்கள்.

உங்கள் கடிதத்தை எடுத்ததே மூன்றாவது கேள்விக்காக. சில வாரங்களாக என் தலையில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். நடிப்பு என்றாலே நாம் முகத்தைத்தான் பார்க்கிறோம். முகத்தை விட்டுவிட்டு ஒரு நாள் கையைப் பாருங்களேன்.

குணச்சித்திர நடிகைக்குக் கிடைக்கும் காட்சி பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும். நாயகன் வருவான், அவன் பிரச்சினையைச் சொல்வான், இவர் கேட்டு ஏதாவது சொல்ல வேண்டும். காட்சி அவனுடையது. இவருக்குச் சொந்தமாக இருப்பது கையில் இருக்கும் வேலை ஒன்றுதான். அரிவாள்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலைப் பலகையில் அழுத்தி உட்கார்ந்தாயிற்று என்றால் உடம்பு ஓரிடத்தில் பூட்டிக்கொள்ளும். காயை இரண்டு கையாலும் அலகை நோக்கித் தள்ள வேண்டும். கண் அலகிலேயே இருக்க வேண்டும், எடுத்தால் விரல் போகும். ஆகவே பேசுகிறவனை அவர் பார்க்க மாட்டார். பார்க்காமலே பதில் சொல்லும் அம்மாவின் கோபத்துக்குத் தனியாக முகபாவம் வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்க்க வேண்டுமானால் கை நின்றே ஆக வேண்டும். கை நின்றதுமே, ஏதோ நடக்கப்போகிறது என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும். அரிவாள்மனையில் நறுக்கிய வீட்டில் வளர்ந்தவனுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரியும்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் தேர்ந்தவரும் தேராதவரும் பிரிகிறார்கள். ‘அவன் இனி வரமாட்டான்’ என்று ஒரு வசனம் என்று வையுங்கள். ‘வரமாட்டான்’ என்று சொல்லி முடித்த பிறகு கை நின்றால், தான் சொன்னதைக் கேட்டுத் தானே திடுக்கிட்ட மாதிரி இருக்கும். ‘இனி’க்கு முன்னால் நிற்க வேண்டும். முதலில் கை நிற்கும், மூச்சு ஒன்று போகும், பிறகு சொல் வரும். அடுத்த துண்டு நறுக்குவது எதிராளி பதில் சொல்லத் தொடங்கிய பிறகு.

இதை ஒருமுறை செய்தால் போதாது என்பதுதான் சினிமாவின் கொடுமை. முதலில் காட்சி முழுவதையும் எடுக்கும் மாஸ்டர் ஷாட், பிறகு நாயகனின் தோளுக்கு மேலிருந்து எடுக்கும் சஜஷன், அதன் பிறகு முகத்தை நெருங்கி எடுக்கும் க்ளோஸ். மாஸ்டரில் எந்தச் சொல்லில் கை நின்றதோ க்ளோஸிலும் அதே சொல்லில் நிற்க வேண்டும். ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறிவிடாமல் இருக்க உதவி இயக்குநர் கண்டினியூட்டி நோட்டில் குறித்துக்கொள்வார்தான், ஆனால் அவர் குறிப்பது புடவை நிறம், தாலி வெளியே இருக்கிறதா உள்ளேயா, தட்டில் எத்தனை துண்டு என்பதைத்தான். எந்த எழுத்தில் காய் அலகில் இறங்கியது என்பதை நடிகைதான் நினைவில் வைக்க வேண்டும். தவறினால் எடிட்டரால் மாஸ்டரிலிருந்து க்ளோஸுக்கு வெட்ட முடியாது, காட்சி தாவும். அவர் என்ன செய்வார்? பேசாமல் நாயகனின் முகத்திலேயே காட்சியை வைத்துவிடுவார். கை பிசகிய நடிகை அந்த இடத்தில் படத்திலிருந்தே காணாமல் போகிறார். பார்ப்பவர்களோ ‘அவருக்குப் பெரிய வேஷம் இல்லை’ என்று சொல்லிக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

ஆகவே எந்த வேலையைக் கேட்டு வாங்குவது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. முறத்தில் முருங்கைக்கீரை ஆய்வதுதான் உத்தமம். சத்தம் கிடையாது, எந்த இடத்திலும் நிறுத்தலாம், நாலு டேக் போனாலும் குவியல் குறைந்தது தெரியாது. அரிசியில் கல் பொறுக்குவதும் அப்படியே. காய் நறுக்குவதில் துண்டுகளின் எண்ணிக்கை டேக்குக்கு டேக் ஏறும், மாற்றுக் காயும் மாற்றுத் தட்டும் தயாராக இருக்க வேண்டும். பூத் தொடுப்பது பார்க்க அழகு, ஆனால் சரம் வளர்ந்துவிடும். க்ளோஸில் முழங்கை நீளம் இருந்த சரம் அடுத்து தூரத்திலிருந்து எடுத்த வைட் ஷாட்டில் சாண் அளவாகும். அரைகுறையாகக் கட்டிய சரங்களை வெவ்வேறு நீளத்தில் ஆர்ட் ஆட்கள் வைத்திருந்தால்தான் தப்பலாம். வெற்றிலை ஆபத்து, உதட்டுச் சிவப்பு ஷாட்டுக்கு ஷாட் மாறும். எல்லாவற்றிலும் மோசம் சாப்பாடு. ஏழாவது டேக்கில் ஏழாவது கவளம் வாயில் இருக்கும்போது வசனம் எங்கிருந்து வரும்?

வயதான வேடத்துக்கும் கைதான் முக்கியம். ‘அருணாச்சலம்’ படத்தில் வடிவுக்கரசி தன்னைவிட வயதில் மூத்த ரஜினிகாந்துக்குப் பாட்டி. தலையை நரைக்க வைக்கலாம், முகத்தில் கோடு போடலாம். புறங்கையும் கழுத்தும் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு இரண்டே வழி. ஒன்று, கையை முந்தானைக்குள் ஒளிப்பது. இல்லையென்றால் கண் நிற்காதபடி அதை வேலையில் வைத்திருப்பது.

ஆச்சி நாடகத்திலிருந்து வந்தவர். கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி கையை வீசிப் பழகிய மேடை அது. அந்த வீச்சைக் கேமராவுக்கு ஏற்பக் குறைக்கவும் தெரிந்தது, வேண்டும்போது முழுதாக அவிழ்த்துவிடவும் தெரிந்தது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. ஆகவே அங்கே மேடைக் கையே வீட்டுக் கை, குறைத்திருந்தால்தான் தவறு. ‘சின்னக் கவுண்டர்’ (1992) ஆத்தாவை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்துப்பல் வைத்தால் உதடு முழுதாக மூடாது. ப, ம வருகிற சொல்லெல்லாம் இடறும், சொல்லின் வேகமே மாறும். வாய்க்கு அப்படி ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு வசனத்தைச் சுமந்து நின்றவரைத்தான் நீங்கள் 612-இல் ஒரு வரியாக்கி வைத்திருக்கிறீர்கள்.

சீரியல் அம்மாக்களிடம் திறமை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், கோபம் வருகிறது. எஸ்.என். லட்சுமி எண்பது வயதைக் கடந்து ‘சரவணன் மீனாட்சி’யில் பாட்டியாக வந்தார். பார்த்தீர்களா? அங்கே கையைக் கட்டிப்போடுவது வேலை முறை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு எபிசோடு எடுத்தாக வேண்டும். கண்டினியூட்டி பார்க்க நேரம் கிடையாது என்பதால் முதலில் பிடுங்கப்படுவது கையில் இருக்கும் பொருள்தான். ‘சும்மா நில்லுங்கம்மா, போதும்.’ வாடகை வீட்டில் விளக்கெல்லாம் நிற்கும் உயரத்துக்கு வைத்தாயிற்று. தரையில் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் இறக்க வேண்டும் என்பதால் யாரும் உட்காருவதில்லை. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து உதவி இயக்குநர் வசனத்தை வரிவரியாக எடுத்துக்கொடுக்கிறார். காது அங்கே போய்விட்டால் கை செத்துவிடும். யோசிக்காமலே கை ஓடும் அளவுக்குப் பழகியிருந்தால்தான் பிராம்ப்டிங்கிலும் கீரை ஆய முடியும், பழகிப் பார்க்க ஒத்திகை கிடையாது. பிறகு அதிர்ச்சி என்று அதே முகத்தை மூன்று முறை ஜூம் செய்கிறார்கள். கழுத்துக்கு மேல்தானே ஃப்ரேம் என்று கை சும்மா இருந்துவிடுகிறது. கை அசைந்தால் தோள் அசையும், தோள் அசைந்தால்தான் கழுத்தில் உயிர் இருக்கும். க்ளோஸிலும் முறத்தை மடியிலிருந்து இறக்கக் கூடாது.

உங்கள் எக்செல்லில் ‘கையில் என்ன’ என்று ஒரு பத்தி சேருங்கள். 612-ஐயும் வேண்டாம், பத்துப் படத்துக்கு நிரப்பி அனுப்புங்கள், போடுகிறேன். யூடியூபில் நகைச்சுவைத் துணுக்காக வெட்டிப் போட்டிருப்பதை வைத்து மட்டும் நிரப்பாதீர்கள். பழைய சதுரச் சட்டத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கியிருப்பார்கள். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் கை கீழ்ப்பகுதியில்தான் இருக்கும்.