சைனஸ் கல்லுக்குக் கிட்னிக் கல் விதியா?

கேள்வி: வலது கன்னத்தில் நாள்பட்ட பாரம், ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றம். சைனஸுக்குள் சுண்ணாம்பு படிந்த கல் இருப்பது சி.டி. ஸ்கேனில் தெரிந்தது. மூக்கு வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி எடுத்துவிட்டார்கள். பில் 1,40,000 ரூபாய். "கல் நோய்களுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு, உங்கள் பாலிசிக்கு 11 மாதம்தான் ஆகிறது" என்று இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்துவிட்டது. இதற்கு முன் வேறு நிறுவனத்தில் 3 லட்சம் ரூபாய் பாலிசியை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன், இடைவெளி விடவில்லை. இப்போதைய பாலிசி 5 லட்சம். வழக்குப் போடலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: போடலாம், ஆனால் உடனே வேண்டாம். முதலில் பாலிசியில் காத்திருப்புக் காலப் பட்டியலை, அதாவது எந்த நோய்க்கு எத்தனை மாதம் கழித்துத்தான் பணம் கிடைக்கும் என்ற பட்டியலைப் படியுங்கள். கற்களைப் பற்றிய வரியில் வழக்கமாகச் சிறுநீர் மண்டலம், பித்தப்பை, பித்தநாளம் என்றுதான் இருக்கும். கன்னத்தில் இருந்த கல்லை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

அதற்குள் மகிழ வேண்டாம். அதே பட்டியலில் 'சைனசைட்டிஸ் (சைனஸ் அழற்சி) மற்றும் தொடர்புடைய கோளாறுகள்' என்றும் ஒரு வரி இருக்கும். உங்கள் கல் அதில் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை நிறுவனம் பிறகு புதிதாகக் கிளப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் கலடா பவர் வழக்கிலும், 2019இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் சொல்லியிருப்பது உங்களுக்குத் துணை. ஆனாலும் அதை மட்டும் நம்பி நான் இறங்க மாட்டேன்.

உங்கள் உண்மையான பலம் பழைய பாலிசி. போர்ட்டிங் முறையில், அதாவது பழைய பாலிசியின் சலுகைகளோடு வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பம் கொடுத்து மாறியிருந்தால், அங்கே கழித்த 24 மாதங்களும் இங்கே கணக்கில் சேரும். பழைய காப்பீட்டுத் தொகையான 3 லட்சம் வரைக்கும்தான் அந்தச் சலுகை. உங்கள் பில் அதற்குள் அடங்குகிறது. போர்ட்டிங் விண்ணப்பம் கொடுக்காமல், பழையதை விட்டுவிட்டு ஏஜென்ட் பேச்சைக் கேட்டுப் புதிதாக ஒன்றை வாங்கியிருந்தால் கதை வேறு. முதல் நாளிலிருந்து காத்திருப்புத் தொடங்கிவிடும். நீங்கள் 'மாறினேன்' என்றுகூட எழுதவில்லை. ஆகவே அந்தப் போர்ட்டிங் விண்ணப்பக் காகிதத்தைத் தேடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒருமுறை பாருங்கள். 'பல ஆண்டுகளாக' என்று ஏதாவது எழுதியிருந்தால், முன்பே இருந்த நோய் என்று அடுத்த முட்டுக்கட்டை வரும். கல் எங்கே இருந்தது, தொல்லை எப்போது தொடங்கியது என்று அறுவைசிகிச்சை செய்த டாக்டரிடம் உள்ளது உள்ளபடி ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவர்) போகலாம். அதற்கு ஓராண்டுக் கெடு உண்டு. கட்டணம் கிடையாது, 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். வழக்கறிஞரை அங்கே அனுமதிப்பதில்லை, எனக்கும் வேலை இல்லை!

அங்கே கிடைக்கும் தீர்ப்பு பிடிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வாருங்கள். இரண்டு ஆண்டுக்குள் வர வேண்டும்; திருநெல்வேலியிலேயே தாக்கல் செய்யலாம். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஓம்பட்ஸ்மேன் உங்கள் மனுவைத் தொட மாட்டார்.