"அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் சார்"

கேள்வி: பார்வைக் குறைபாடு பிரிவில் சிறப்புக் கல்வி பி.எட். முடித்த என் மகள், திருச்சிப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உதவும் சம வாய்ப்பு மைய ஒருங்கிணைப்பாளராக இருக்கிறாள். ஒப்பந்த வேலை. அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் சார். பரீட்சை சமயத்தில் ராத்திரி பத்து மணிக்கும் போன் வருகிறது. இதில் முன்னேற்றம் இருக்கிறதா, இல்லை பள்ளிக்கூட வேலைக்கே போகச் சொல்லட்டுமா?

பதில்: வணக்கம் அம்மா. பள்ளி வேலை என்றாலே நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். நம் மாநிலத்தில் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர்களாக இருப்பவர்களும் தொகுப்பூதியத்தில்தான் காலம் தள்ளுகிறார்கள். அதனால் 'கல்லூரியா பள்ளியா' என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, அவள் தனியாக இருக்கிறாள் என்றீர்களே, அதைப் பேசுவோம்.

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைபாடுகள் 7 வகை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்பதும் இந்தச் சட்டம்தான். ஆக, உங்கள் மகள் படித்தது ஒரு பிரிவு. அவள் மேசைக்கு வருவதோ செவித்திறன் குறைந்த பையன், கற்றல் குறைபாடு உள்ள பெண், ஆட்டிசம் உள்ள மாணவன், ரத்தம் உறையாத நோயுள்ளவன். ஒரு பிரிவுப் பட்டம் 21-ஐயும் சொல்லிக்கொடுத்துவிடாது. மீதி அறிவெல்லாம் மற்ற கல்லூரிகளில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களோடு தொடர்பில்லாமல் இந்த வேலையில் யாரும் வளர முடியாது என்பதே என் கருத்து.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தமிழ்ப் பாடப் பகுதிகள் பல இன்னும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சாகிக் கிடக்கின்றன. கண் தெரியாத மாணவர் அதை என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) திறந்தால் அர்த்தமில்லாத உளறல்தான் கேட்கும். பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்த ராப்பகலாக வேண்டும். ஆனால் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகள் பலவற்றில் அதே பகுதி-1 தமிழ்தான் பாடம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் யாரோ ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கலாம். குறைபாட்டால் அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக லாப நோக்கமின்றி இப்படி மாற்றித் தர 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. இவர்களுக்கென்றே சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் அந்த ராத்திரி போன்களில் பாதி குறையும்.

தேர்வு விதிகளும் அப்படித்தான். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, தான் சொல்லச் சொல்ல எழுதித் தரும் பதிலி எழுத்தர் வைத்து எழுதுபவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம். மூன்று மணி நேரத் தேர்வென்றால் முழுசாக ஒரு மணி நேரம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் தொடர்ந்த வழக்கில், 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று இருப்பவருக்கு மட்டும்தான் எழுத்தர் என்று சொல்லக் கூடாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வு அறைக் கண்காணிப்பாளர் மறுக்கும்போது, 'எங்கள் கல்லூரியில் இப்படிச் செய்தோம்' என்று சொல்லி உத்தரவு நகலை அனுப்ப ஒரு ஆள் வேண்டாமா?

ஆள் தேடுவது கடினமில்லை. திருச்சியிலேயே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி மையம் உண்டு. சென்னை லயோலா கல்லூரியில் இவர்களுக்கான வள மையம் நடக்கிறது. ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மாதம் ஒரு முறை ஐந்தாறு பேர் பேசிக்கொண்டால் போதும். அமெரிக்காவில் இந்த வேலையில் இருப்பவர்கள் இப்படித்தான் கூடி, 1977-இல் அஹெட் என்ற சங்கத்தையே தொடங்கினார்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: வாட்ஸ்அப் குழுவில் மாணவர் பெயரோ மருத்துவச் சான்றோ ஒருபோதும் போகக் கூடாது. பிரச்சினையைச் சொல்லலாம், பிள்ளையை அடையாளம் காட்டக் கூடாது.

இன்னொன்று: இப்படிப்பட்ட குழுவில் புலம்பவும் இடம் இருக்க வேண்டும். நிர்வாகத்துக்கும் மாணவருக்கும் நடுவில் இடிபடுபவருக்கு அது ஆடம்பரம் இல்லை. வீட்டில் நீங்கள் கேட்பது வேறு, அதே வேலை பார்ப்பவர் கேட்பது வேறு.

முன்னேற்றத்துக்கு வருகிறேன். ஒரே கல்லூரிக்குள் மேலே ஏறப் படிகள் குறைவு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பக்கவாட்டில் வழி உண்டு. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவை அவள் எடுத்துவிட்டாளா என்று முதலில் பாருங்கள். சிறப்பாசிரியர் என்று தொழில் செய்யச் சட்டப்படி அது வேண்டும். அதைப் புதுப்பிக்க சி.ஆர்.இ. என்ற தொடர் மறுவாழ்வுக் கல்விப் பயிற்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். கடைசி வருடத்தில் ஓடாமல் இப்போதே தொடங்கலாம். சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசு நடத்தும், பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தின் பயிற்சி அறிவிப்புகளைக் கவனிக்கட்டும். பார்வைக் குறைபாட்டையே திரும்பப் படிக்காமல், கற்றல் குறைபாடோ சைகை மொழியோ எடுப்பது நல்லது. கணினியில் ஆர்வம் இருந்தால் இணையதளங்களின் அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பதைச் சோதிக்கும் வேலைக்கும் போகலாம். ஐஏஏபி என்ற, அணுகல்தன்மை வல்லுநர்களின் பன்னாட்டு அமைப்பு தரும் சிபிஏசிசி சான்றிதழ் அந்தத் துறையில் தெரிந்த பெயர்.

அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அவள் முதல்வரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை உண்டு. பயிற்சிக்குப் போகும் நாட்கள் பணிநாளாகக் கணக்கில் வர வேண்டும். தேர்வு மாதத்தில் பொறுப்பைப் பகிர ஒரு பேராசிரியர் வேண்டும். மாணவர்கள் அழைக்க நேர வரம்பு, அவளது சொந்த எண்ணுக்குப் பதில் கல்லூரி எண். அனுபவச் சான்றில் 'அலுவலக உதவியாளர்' என்று போட்டுவிடாமல் சரியான பதவிப் பெயர். இதில் பயிற்சி நாளுக்கும் பதவிப் பெயருக்கும்கூட ஒப்புக்கொள்ளாத கல்லூரி என்றால், கல்வியாண்டு முடிந்ததும் வேறு இடம் பார்க்கட்டும். அதுவரை விண்ணப்பங்களைத் தயாராக வைத்துக்கொள்ளட்டும், நடுவில் விட வேண்டாம்; ஏப்ரல் தேர்வுக்கு அவளை நம்பி மாணவர்கள் இருப்பார்கள்.