மொட்டையாக நிற்கும் பவளமல்லி

கேள்வி: எங்கள் வீட்டுப் பவளமல்லி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பூவாகக் கொட்டியது. மாசி பிறந்ததும் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கிறது. இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி, யூரியாவும் வைத்தேன். பயனில்லை. மொட்டை மரம் வீட்டுக்கு ஆகாது, வெட்டிவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். வெட்டலாமா? – வாசகி, தஞ்சாவூர்.

பதில்: வெட்டாதீர்கள். யூரியாவை இன்றே நிறுத்துங்கள். வறண்ட மாதங்களில் இலையைக் கழித்துவிட்டு ஓய்ந்திருப்பது பவளமல்லியின் சுபாவம். அதற்கு எந்த நோயும் வரவில்லை. நீங்கள்தான் வரவழைக்கப் பார்க்கிறீர்கள். இலை இல்லாத செடி தண்ணீரை அதிகம் இழுக்காது. ஊற்றுவதெல்லாம் அடியில் தேங்கினால் வேர் அழுகும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

சந்தேகமிருந்தால், சதுரக் குச்சி போல இருக்கும் அதன் இளங்கிளை ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் நுனி மட்டும் பட்டுப்போயிருக்கலாம். கீறிக்கொண்டே கீழே வாருங்கள்.

ஆகாத மரம் என்றவரிடம், சீர்காழி சட்டைநாதர் கோயிலின் தலமரம் எது என்று கேளுங்கள். இதே பவளமல்லிதான். பவளமல்லிக்குப் பாரிஜாதம் என்றும் பெயர்; மன்னார்குடிப் பக்கம் திருக்களரில் சுவாமியின் பெயரே பாரிஜாதவனேஸ்வரர். கீழே விழுந்த பூ பூஜைக்கு உதவாது என்று ஒதுக்கும் நம் வீடுகளில், இந்தப் பூவை மட்டும் தரையிலிருந்து பொறுக்கிச் சாத்துகிறோம். அப்படிப்பட்ட செடியை, நான்கு மாதம் இலை இல்லை என்பதற்காக வெட்டுவதா? கேட்கவே மனம் பதறுகிறது.

கத்தி எடுப்பதானால் கவாத்துக்கு, அதாவது கிளை கழிக்க, எடுங்கள். அதற்கு ஏற்ற சமயம் இதுவே. புதுக் கிளையின் நுனியில்தான் பூங்கொத்து வரும். நீண்டு மெலிந்தவற்றையும் பட்டுப்போனவற்றையும் கழித்துவிடுங்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் தட்டையான பழுப்புக் காய்களை எறிய வேண்டாம். பிளந்தால் இரண்டு அறை, அறைக்கு ஒரு விதை. ஊன்றி வையுங்கள், கேட்பவர்களுக்குக் கன்று கொடுக்கலாம்.

தளிர் விட்ட பிறகு மட்கிய சாணம் இரண்டு கை போடுங்கள். யூரியாவில் இருப்பது தழைச்சத்து; அது மிஞ்சினால் இலைதான் மண்டும், பூ குறையும். அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசியிருந்தால் உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள். பூவில் மண் ஒட்டுகிறதே என்று பூசியிருப்பீர்கள். அதற்கு, பூக்கும் காலத்தில் மாலையில் ஒரு பழைய வேட்டியை அடியில் விரித்துவைத்தாலே போதும்.