மளிகைக் கடை வாசலில் போட்ட கையெழுத்து

கேள்வி: கலிபோர்னியாவில் 11 வருடமாக இருக்கிறோம். எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்த மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்தின் உறுப்பினர் ஒருவரை இறக்க ரீகால் மனு, அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே மக்கள் வாக்களித்து நீக்கக் கேட்கும் மனு, சுற்றுகிறது. மளிகைக் கடை வாசலில் ஒரு பெண் அட்டையை நீட்டினார். பையைக் கீழேகூட வைக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். "அந்த ஆள் என்ன தப்பு செய்தார்னு தெரியுமா?" என்று கேட்கிறார் என் கணவர். பள்ளி வாரியத்தில் மூவரை இறக்கிய சான் பிரான்சிஸ்கோ பெற்றோர் செய்ததைத்தானே நானும் செய்தேன்? நம் ஊரில் இல்லாத உரிமை இங்கே கிடைத்திருக்கும்போது பயன்படுத்த வேண்டாமா?

– ஒரு வாசகி, கலிபோர்னியா

பதில்: உங்கள் கணவர் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அந்த உறுப்பினரின் பெயர் இல்லை, அவர் மேல் என்ன புகார் என்பதும் இல்லை. இந்த நிலையில் சான் பிரான்சிஸ்கோ பெற்றோரைத் துணைக்கு அழைப்பது சரியில்லை அம்மா. தாங்கள் எதற்காக நிற்கிறோம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். சுற்று வட்டாரத்தில் பல இடங்களில் குழந்தைகள் வகுப்புக்குத் திரும்பிவிட்ட பிறகும் அங்கே அரசுப் பள்ளிக் கதவு திறக்கவில்லை. 2021 ஜனவரியில் வாரியம் கூடி, 44 பள்ளிகளின் பெயரை மாற்ற 6-1 என்று வாக்களித்தது. லிங்கன், வாஷிங்டன் பெயர்கள்கூடப் பட்டியலில் இருந்தன. அதற்குச் சொன்ன காரணங்கள் சிலவற்றில் வரலாறே தப்பாக இருந்தது. பிப்ரவரியில் நகர நிர்வாகமே, பள்ளிகளைத் திறக்கச் சொல்லி, தன் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் மேல் வழக்குப் போட்டது. அதே மாதம் ஒரு கூட்டம். பெற்றோர் ஆலோசனைக் குழுவில் சேர ஒரு தகப்பன் முன்வந்திருந்தார். அப்போது அந்தக் குழுவில் ஆண்களே கிடையாது, இடங்களும் காலியாக இருந்தன. அவர் வெள்ளையர் என்பதால் சேர்க்கலாமா கூடாதா என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார்கள். அத்தனை நேரமும் அவர் திரையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கடைசியில் நியமிக்கவும் இல்லை. வீட்டில் லேப்டாப் முன்னால் முடங்கிய பிள்ளையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்த தாய்க்கு வயிறு எரிந்திருக்காதா?

அதற்குப் பிறகும் உடனே நடந்துவிடவில்லை. ஓர் உறுப்பினரை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 51,325 கையெழுத்து வேண்டும். ஒவ்வொருவருக்கும் 75 ஆயிரத்துக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். ஏழு பேர் வாரியத்தில், சட்டப்படி அப்போது ரீகால் செய்யக்கூடியவர்கள் மூன்றே பேர். 2022 பிப்ரவரி 15 அன்று காப்ரியேலா லோபஸ், ஆலிசன் காலின்ஸ், ஃபாவூகா மோலிகா மூவரும் பதவி இழந்தார்கள். நீக்கத்துக்கு விழுந்த வாக்கு, மூவரில் குறைந்தவருக்கே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். பணக்காரர்கள் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள் என்பதும் உண்மை. அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பள்ளியைத் திறப்பது அந்த வாரியத்தின் முதல் வேலை. அதை விட்டுவிட்டுப் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை இறக்கியது நியாயம் என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இப்போது அதே கலிபோர்னியாவின் டெமெகுலா நகரைப் பாருங்கள். வாரியத் தலைவர் ஜோசப் கொம்ரோஸ்கியை 2024 ஜூனில் ரீகால் செய்தார்கள். வித்தியாசம் 212 வாக்கு. அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் அவரே நின்று ஜெயித்து வாரியத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். என்ன பாடம் வைப்பது, எதை வைக்கக் கூடாது என்பதில் ஊர் இரண்டு பட்டுக் கிடந்தது. அந்தச் சண்டை ரீகாலால் தீரவில்லை, தீரவும் தீராது. ஒருவருடைய கொள்கை பிடிக்கவில்லை என்றால் அதைத் தீர்க்க நான்கு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் வருகிறது. வேலையைச் செய்யாதவர், அதிகாரத்தைத் தப்பாகப் பயன்படுத்துபவர், இவர்களுக்காகத்தான் நடுவில் இந்த ஆயுதம். ஒவ்வொரு வாக்கெடுப்பு முடிவும் பிடிக்காதவர்களின் மனுவாக மாறினால், அந்த நாற்காலியில் மனசாட்சிப்படி கை தூக்க யார் வருவார்?

வாஷிங்டன் மாநிலத்தில் ரீகால் என்றால் புகாருக்கு அடிப்படை இருக்கிறதா என்று முதலில் நீதிமன்றம் பார்க்கும். கலிபோர்னியாவில் அப்படி இல்லை. காரணம் போதுமா போதாதா என்று நீதிமன்றம் முன்கூட்டியே பார்ப்பதில்லை. அங்கே நீதிபதி நீங்கள்தான். அதனால்தான் உங்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம். உங்களிடம் நீட்டிய மனுவிலேயே, 200 வார்த்தைக்கு மிகாமல் குற்றச்சாட்டு அச்சாகியிருக்கும். அந்த உறுப்பினர் பதில் கொடுத்திருந்தால் அதுவும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க ஐந்து நிமிடம் ஆகுமா? பையைக் கீழே வைத்திருக்கலாம்.

நம் ஊர் பற்றிக் கேட்டீர்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் நகராட்சித் தலைவரை மக்கள் வாக்களித்து இறக்கச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்கே கொடுத்திருக்கிறது, பாதி இடம் பெண்களுக்கு. கூட்டத்துக்கு வரச் சொன்னால் "கையெழுத்து எங்கே போடணும்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். மனுவில் உள்ள இரண்டு தரப்பையும் வாங்கிப் படியுங்கள். வாரியத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், பொதுமக்கள் பேசவென்றே அங்கே நேரம் ஒதுக்குவார்கள். படித்து, கேட்டு, இந்த ஆள் இருக்கக் கூடாது என்று உங்களுக்கே உறுதியானால் கையெழுத்து அப்படியே இருக்கட்டும், நானும் உங்கள் பக்கம். இல்லையென்றால், மனு தாக்கலாகும் நாளுக்கு முன்பு கவுன்டி தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. தாக்கல் என்றைக்கு என்று இன்றே விசாரியுங்கள்.