கடலுக்குப் போகும் நாளில் தண்ணீரைக் குறைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 38. பாம்பன் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் வசிக்கிறேன். கடலில் பாசி எடுப்பது எங்கள் தொழில். விடியற்காலையில் வள்ளத்தில் ஏறினால் கரை திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். வள்ளத்தில் ஆண்களும் இருப்பதால் சிறுநீர் கழிக்க வழியில்லை. ஆகவே போகிற நாளில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம். இரண்டு ஆண்டுகளாக எனக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறது. வந்தால் மாமியார் சொல்படி நெருஞ்சில் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு, சீரகத் தண்ணீர் குடிப்பேன். தாங்க முடியாவிட்டால் மெடிக்கலில் சொல்லி இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கிப் போடுவேன். கரைக்கு வந்ததும் தலைவலியும் கிறுகிறுப்பும் இருக்கின்றன. ஆங்கில மருந்து இல்லாமல், இயற்கையான முறையிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா?
– ஒரு வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதைப் பெருமளவு இயற்கையான முறையிலேயே குறைக்க முடியும். அதற்கு நன்கு சோதித்துப் பார்க்கப்பட்ட வழி, போதிய அளவு தண்ணீர் குடிப்பதும் சிறுநீரை அடக்காமல் இருப்பதும்தான். அடிக்கடி நீர்க்கடுப்பு வந்துகொண்டிருந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பழக்கமுள்ள 140 பெண்களை ஓராண்டு கவனித்த ஆய்வு ஒன்று 2018-ஆம் ஆண்டு வெளியானது. அவர்களில் ஒரு பாதியினர் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தார்கள். மறு பாதியினர் வழக்கம்போலவே இருந்தார்கள். கூடுதலாகக் குடித்தவர்களுக்கு அந்த ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் நீர்க்கடுப்பு வந்தது. பாதியளவுக்கு நோயைக் குறைத்தது தண்ணீர் மட்டுமே என்பதை நினைத்துப் பாருங்கள். நீங்களோ அந்தத் தண்ணீரைத்தான் குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த நோய் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். குடலில் இயல்பாக வாழும் கிருமிகள் சிறுநீர்த் துவாரத்தின் வழியாக மேலேறிச் சிறுநீர்ப்பையை அடைவதுதான் பெரும்பாலான நீர்க்கடுப்புக்குக் காரணம். பெண்களுக்கு அந்தப் பாதை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமே கொண்டது என்பதால் கிருமிகள் ஏறிவிடுவது சுலபம். ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் அவற்றில் பெரும்பகுதி வெளியே அடித்துச் செல்லப்படுகிறது. மணிக்கணக்கில் அடக்கிவைத்தாலோ அவை சிறுநீர்ப்பைக்குள்ளேயே தங்கிப் பல்கிப் பெருகுகின்றன. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று ஊரில் சொல்வது இந்த எரிச்சலைத்தான். வெயிலுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அது வியர்வையாக நீரை வெளியேற்றிச் சிறுநீரைக் குறைப்பதால் வரும் பங்கு.

உங்கள் தொழிலுக்கே உரிய இன்னொரு காரணத்தை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். கழுத்தளவு நீரில் நிற்கும்போது கடல்நீரின் அழுத்தம் கால்களில் இருக்கும் இரத்தத்தை நெஞ்சுப் பகுதிக்குத் தள்ளுகிறது. உடம்பில் நீர் மிகுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீரைப் பிரிக்கின்றன. கரையில் இருப்பவர்களைவிடப் பாசி எடுக்கும் உங்களுக்குச் சிறுநீர் முட்டுவது இதனால்தான். தண்ணீருக்குள் இருப்பதால் வியர்வை தெரிவதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அது சுரந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. மூழ்கி எழும்போது வாய்க்குள் போகும் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை வெளியேற்றவும் உடம்பு தன் நீரையே செலவழிக்க வேண்டும். ஆகவே நாள் முழுவதும் நீரிலேயே நின்றும், கரை திரும்பும்போது உடம்பு வறண்டிருக்கிறது. உங்கள் தலைவலிக்கும் கிறுகிறுப்புக்கும் இதுவே முதல் காரணமாக இருக்கலாம். மூச்சை அடக்கி அடக்கி மூழ்குவதும், கண்ணாடியை இறுக்கிக் கட்டுவதும் தலைவலியைக் கூட்டும்.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். புறப்படும் முன் இரண்டு டம்ளர் நீராகாரம் குடியுங்கள். இரவு ஊறிய பழைய சோற்றுத் தண்ணீரில் சிறிது உப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்தால் நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான காலை ஆகாரம் எனக்குத் தெரியவில்லை. வள்ளத்தில் ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது இருக்க வேண்டும். தூக்குவாளியில் நீர்மோர் கொண்டுபோவதும் நல்லது. ஒரே மூச்சில் குடிக்காமல், மேலே வந்து இளைப்பாறும் ஒவ்வொரு முறையும் நாலைந்து மடக்குக் குடித்தால் போதும். பனங்காலத்தில் பதநீர் கிடைத்தால் கரைக்கு வந்ததும் அருந்தலாம். அதில் சர்க்கரை நிறைய இருப்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு அது கூடாது. நுங்கும் இளநீரும் கிடைத்தால் மகிழ்ச்சியே, ஆனால் அவற்றுக்குக் காசு செலவழித்துத்தான் நலமாக வேண்டும் என்பதில்லை.

குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கடற்கரையில் நல்ல தண்ணீர் எளிதில் கிடைப்பதில்லை என்பதை அறிவேன். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் மணலில் தோண்டிய ஊற்றில் அகப்பையால் கோரி எடுத்தும், குடத்துக்கு விலை கொடுத்தும் சமாளிக்கும் வீடுகளில், பெண்கள் தங்கள் பங்கைத்தான் முதலில் குறைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக் கணக்கில் கடலுக்குப் போகிறவரின் குடிதண்ணீரை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குச் செலவழியுங்கள். ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். போதிய அளவு குடிக்கிறீர்களா என்பதைச் சிறுநீரின் நிறமே சொல்லிவிடும்: வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமானது, அடர் மஞ்சளாக இருண்டால் உடம்பு நீருக்கு ஏங்குகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

குடித்தால் போக வேண்டுமே என்பதுதான் உங்கள் தயக்கம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் தேசியப் பூங்காவுக்குள் அடங்குவதால் அங்கே இறங்கி ஒதுங்கவும் முடியாது. ஆகவே வெளிப்படையாகவே சொல்கிறேன்: இடுப்பளவு நீரில் நிற்கும்போது கடலிலேயே சிறுநீர் கழித்துவிடுங்கள். அதனால் உங்களுக்கும் தீங்கில்லை, கடலுக்கும் தீங்கில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் அது தெரியப்போவதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்யுங்கள். உடன் வரும் பெண்களிடமும் இதைச் சொல்லுங்கள். வெட்கத்தால் இதைப் பேசாமலே பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் வலியைச் சுமக்கிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் மாமியார் சொல்லும் மருந்துகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நெருஞ்சிலும் சிறுபீளையும் நீர்ச்சுருக்குக்குச் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவருபவை. சீரகத் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் உள்ளே போகும் நீரின் அளவைக் கூட்டுவதாலேயே ஓரளவு நன்மை செய்கின்றன. லேசான கடுப்பு பல பெண்களுக்கு ஓரிரு நாளில் தானாகவே தணிந்துவிடுவதும் உண்டு. அப்போது பெயர் கஷாயத்துக்குப் போய்விடும். ஆனால் சிறுநீர்ப்பையில் பெருகிவிட்ட கிருமியை இவை உறுதியாக அழிக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே காய்ச்சல் இல்லாத லேசான எரிச்சலுக்கு, நிறையத் தண்ணீருடன் இவற்றையும் இரண்டு நாள் பார்க்கலாம். அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் மிகுந்த வாழைத்தண்டையும் இளநீரையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கருவுற்றிருப்பவர்களுக்கு வீட்டு வைத்தியமே வேண்டாம். நீர்க்கடுப்பு வந்த அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத பொடிகளைச் சந்தையில் வாங்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்த மருத்துவப் பிரிவில் தரமான மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

மெடிக்கலில் வாங்கி இரண்டு நாள் போடும் மாத்திரையைத்தான் நீங்கள் நிறுத்த வேண்டும். நீங்கள் வாங்குவது கிருமிக்கொல்லி மாத்திரையாக இருந்தால், எந்த மருந்து, எத்தனை நாள் என்று முடிவுசெய்வது மருத்துவரின் வேலை. எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிட்டால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகலாம். அடிக்கடி அப்படியும் இப்படியுமாக எடுக்கும்போது மருந்துக்கு அசையாத கிருமிகள் உடம்பில் நிலைத்துவிடும். உங்களுக்கு இது இரண்டு ஆண்டுகளாகத் தொடர்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். இயற்கை வழியை விரும்பும் நீங்கள், தேவைப்படும் ஒரு முறை மருந்தை முழுமையாக எடுத்து முடித்தால், அடுத்தடுத்து மருந்து தேடும் நிலையே குறையும்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புறத்திலோ இடுப்பின் பின்பக்கத்திலோ வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கஷாயத்தை அடுப்பில் ஏற்றாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டதன் அறிகுறிகளாக அவை இருக்கலாம்.

ஈர உடையைப் பற்றியும் சிறிது சொல்கிறேன். கரை ஏறியதும் பாசியைப் பிரித்துக் காயவைத்து எடைபோடும் வரை ஈர உடையோடு இருப்பதால் தொடையிடுக்கில் படையும், பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரக்கூடும். இது பெரும்பாலும் பூஞ்சையால் வருவது. நீர்க்கடுப்புக்கான மாத்திரை இதற்குக் கேட்காது, சில நேரம் கூட்டியும்விடும். ஒரு குடம் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, உலர்ந்த பருத்தி உடைக்கு மாறிவிட்டு வேலையைத் தொடருங்கள். வேப்பிலைத் தண்ணீரையோ டெட்டாலையோ உறுப்பின் உட்பகுதியில் பயன்படுத்தாதீர்கள். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுவதும், தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுவதும் கிருமி ஏறுவதைத் தடுக்கும்.

வள்ளம் கட்டும் இடத்தில் ஒரு கழிப்பறையும், உடை மாற்ற ஓர் அறையும், ஒரு குழாயும் இருந்தால் நான் மேலே சொன்னவற்றில் பாதி தேவைப்படாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கூடுவதும் அவற்றுள் ஒன்று. பாசி எடுக்கும் பெண்கள் சேர்ந்து போய், இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இந்த வாரம், கடலுக்குப் போகாத ஒரு நாளில், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இரண்டு ஆண்டுகளாக இப்படி வருகிறது என்பதைச் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையுடன், அதில் இருக்கும் கிருமியை வளர்த்து எது என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனையும் செய்ய வழி கேளுங்கள். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அடிக்கடி நீர்க்கடுப்பு வருவது நீரிழிவின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால் இரத்தச் சர்க்கரையையும், தலைவலி இருப்பதால் இரத்த அழுத்தத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள். இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டைகள் வீட்டில் இருந்தால் அவற்றையும் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.