தரைப்பாலமும் பல உலகங்களும்

அன்புள்ள ஐயா,
நடக்கக்கூடியவை எல்லாம் நடக்கும்படி உலகம் கிளைகளாகப் பிரிந்துகொண்டே போகிறது என்கிறது குவாண்டம் இயற்பியலின் பல உலகக் கோட்பாடு. அதன்படி எந்த ஆபத்திலும் ஏதோ ஒரு கிளையில் நான் பிழைத்துவிடுகிறேன். செத்த கிளையில் அதை உணர நான் இல்லை. அப்படியானால் எனக்குச் சாவே கிடையாதா? பிழைத்தவன் நான்தானா? மறுபிறவி என்பதும் இதுதானா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஓடிய தரைப்பாலத்தை பைக்கில் கடந்தேன். இதையே நினைத்துக்கொண்டிருந்ததால் பயம் வரவில்லை.
எம்., பாளையங்கோட்டை

அன்புள்ள எம்.,

மறுபிறவியை விடுங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிழைத்தவன் நீங்கள்தானா என்பதற்கு தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இலேயே ஒரு பதில் சொல்லிவிட்டார்: ‘அதே ஆளா’ என்பது முக்கியமில்லை, நினைவும் மனமும் தொடர்கிறதா என்பதே முக்கியம். எனக்கு அதில் பாதி சம்மதம்.

என்னை உறுத்துவது அந்தத் தரைப்பாலம். என்ன காரியம் செய்திருக்கிறீர்கள், தம்பி!

இந்தக் கோட்பாட்டை முன்வைத்த இயற்பியலாளர் ஹியூ எவரெட் 1957இல் சொன்ன கிளைகள் எல்லாம் ஒரே எடை, அதாவது ஒரே நிகழ்தகவு, கொண்டவை அல்ல. நீங்கள் அடித்துச் செல்லப்படும் கிளைகளுக்கும் எடை உண்டு. அங்கே உணர நீங்கள் இல்லை என்பதற்காக அவை கணக்கிலிருந்து கழிந்துவிடாது. இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க், செத்த கிளையை உணர ஆளில்லை என்ற இந்தச் சிந்தனைச் சோதனையை விவாதித்தபோது, உணர்வு நொடிக்குள் அணைய வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். ஆற்றில் சாவு அப்படி வராது. மூளை பாதி செத்துக் கட்டிலில் கிடப்பவரும் உங்கள் கணக்கில் பிழைத்தவர்தான்.

1992 நவம்பர் வெள்ளத்தில் மாட்டை அவிழ்த்துவிடப் போன என் மாமா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தையிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: ‘எங்கயாவது கரையேறி நல்லா இருப்பாக.’ நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சு அவளை அழவும் விடவில்லை, காரியம் செய்யவும் விடவில்லை. ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று ஆற்றின் போக்கிலேயே விசாரித்துக்கொண்டு போனாள். கடைசியில் ஒருநாள் என்னிடம் கேட்டாள்: ‘எங்கயோ இருந்தா எனக்கு என்னல? இங்க இல்லையே.’

எவரெட்டை எத்தனை முறை படித்தாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். பிரிந்த கிளைகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நீங்கள் பிழைத்த உலகத்திலிருந்து மற்ற உலகத்து அம்மாவுக்கு ஒரு செய்தியும் போகாது.

கோட்பாடு உண்மையென்றால் நீங்கள் செய்தது இன்னும் மோசம். ஒரே உலகம் என்றால் அது தப்பிப்போன ஆபத்து. பல உலகம் என்றால் அந்த ஆபத்து எங்கோ நடந்தே விட்டது. அங்கே உங்கள் அம்மா மகனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறார். இங்கே உங்களுக்குச் சோறு போடுபவர் எவ்வளவு நிஜமோ அவரும் அவ்வளவு நிஜம். உங்களைப் பிழைக்க வைக்கும்போது மட்டும் எவரெட் வேண்டும், அவரைக் காட்டும்போது வேண்டாமா?

அடுத்த மழைக்குத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் வண்டியைத் திருப்புங்கள். ஒரு மணி நேரம் சுற்றினாலும் பரவாயில்லை. வீடு போய்ச் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள், பார்ஃபிட்டைப் பற்றி அப்புறம் விரிவாகப் பேசுவோம்.